தக்காளிப் பூவைச் சுண்டிவிட்டால் போதும்

மாடியில் வைத்த தக்காளி இடுப்பளவு வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்து, அப்புறம் ஒரே வாரத்தில் அத்தனை பூவும் தரையில் கிடந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வருஷம் பன்னிரண்டு பையிலிருந்து வந்த காய் ஒரு நாள் ரசத்துக்குக்கூடக் காணவில்லை. உரம் பத்தவில்லை போல என்று கடலைப் பிண்ணாக்கைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேன், இலை கருகருவென்று அடர்ந்ததுதான் மிச்சம். குறை உரத்தில் இல்லை, பூவில் மகரந்தம் சேராததில்தான்.

பூசணிக்கு ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடிகாலையில் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவினால் வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தில் தக்காளிக்கும் தூரிகையை எடுத்துக்கொண்டு ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு ஓடுகிறவர்கள் நிறைய, நானும் ஓடியிருக்கிறேன். அது தேவையே இல்லை. தக்காளியில் ஒரே பூவுக்குள் இரண்டும் இருக்கிறது. நடுவில் மஞ்சளாகக் கூம்பு மாதிரி நிற்பது மகரந்தப் பைகள், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பெண் பாகமான சூல்முடி அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மகரந்தம் அந்தக் கூம்பின் உள்பக்கமாகத்தான் உதிரும், அதுவும் பூ அதிர்ந்தால்தான். பவுடர் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், பூவும் தலை கவிழ்ந்துதானே தொங்குகிறது.

கொல்லையிலோ வயலிலோ இருந்தால் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். கூடவே முருங்கையைச் சுற்றுகிற பெரிய கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு 'உர்ர்' என்று ஒரு அதிர்வு கொடுக்கும், அது ஒன்றுக்கே மகரந்தம் கொட்டிவிடும். தேனீக்கு அந்த வித்தை வராது. என் மாடியில் கைப்பிடிச் சுவர் நெஞ்சு உயரம், செடிகள் அதை ஒட்டி வரிசையாக, காற்றும் இல்லை, வண்டும் இல்லை. அப்புறம் எங்கே பிஞ்சு பிடிக்கும்?

சரி, செய்முறை. இதழ் நன்றாக விரிந்து பின்பக்கம் மடங்கிய, பளிச்சென்ற மஞ்சள் பூதான் வேண்டும். பாதி விரிந்ததை விட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். ஒரு பூ இரண்டு மூன்று நாள் தயாராக இருக்கும். கொத்தைத் தாங்கும் காம்பை, பூவுக்குச் சற்றுப் பின்னால், கேரம் காயைச் சுண்டுகிற மாதிரி மூன்று நாலு தடவை சுண்டுங்கள். பூவின் மேல் விரல் படக்கூடாது. பேட்டரியில் ஓடும் பல் துலக்கும் பிரஷ் வீட்டில் சும்மா கிடந்தால் இன்னும் நல்லது, அதன் முதுகைக் காம்பில் இரண்டு விநாடி ஒட்டி வைத்தால் வண்டு செய்வதற்குப் பக்கத்தில் வந்துவிடும். செடிக்கு ஊன்றிய கம்பைத் தட்டினாலும் ஓரளவு பலன் உண்டு, அவசர நாளில் நான் செய்வது அதுதான்.

நாம் சுண்டுவது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி: செல்போன் திரையை அணைத்து, பூவுக்குக் கீழே கண்ணாடி மாதிரி பிடித்துக்கொண்டு சுண்டுங்கள். கறுப்புத் திரையில் வெளிர் மஞ்சளாகப் பொடி விழுந்தால் நேரம் சரி. ஒன்றுமே விழவில்லை என்றால் பூ ஈரமாக இருக்கிறது, இல்லை வெயிலில் கெட்டுப்போயிருக்கிறது.

இந்த ஈரம்தான் டெல்டாவில் பெரிய தொல்லை. மார்கழியில் பனி எட்டு மணி வரைக்கும் பூவில் நிற்கும், மகரந்தம் மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் காலையில் காப்பி குடித்த கையோடு மாடிக்கு ஓடாதீர்கள். ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள் போனால் சரியாக இருக்கும். மழை பெய்த அன்று செடியை லேசாக உலுக்கித் தண்ணீரை வடித்துவிட்டு, பூ காய்ந்த பிறகு சுண்டுங்கள்.

வெயில் அடுத்த தொல்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24, 25க்குக் கீழே இறங்காமல் புழுங்கினால் மகரந்தமே சத்தில்லாமல் போய்விடும். பங்குனி சித்திரையில் நீங்கள் எவ்வளவு சுண்டினாலும் பெரும்பாலும் பூ கொட்டத்தான் செய்யும், நிழல்வலை போட்டால் செடி பிழைக்கும், காய்க்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். அதனால் பூ மார்கழி, தையில் வருகிற மாதிரி கணக்குப் போட வேண்டும். ஐப்பசித் தொடக்கத்தில் விதை, அடைமழையில் நாற்று அழுகாமல் இருக்க விதைத்தட்டைச் சன்ஷேடுக்குக் கீழே வைப்பது, 25 நாள் நாற்றைக் கார்த்திகையில் பையில் நடுவது. நான் பி.கே.எம் 1 போடுகிறேன், பெரியகுளத்தில் உருவான ரகம். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) இல்லை என்பதால் விதையும் எடுத்து வைக்கலாம்.

சுண்டிய இரண்டு மூன்று நாளில் இதழ் வாடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காம்பைப் பாருங்கள். காம்பின் நடுவில் விரல் கணு மாதிரி ஒரு முட்டி இருக்கும், அது மஞ்சளானால் பூ அங்கேயே ஒடிந்து விழப்போகிறது. பச்சையாகவே நின்றால் பிஞ்சு பிடித்துவிட்டது, வாடிய இதழுக்குள் குண்டூசித் தலையளவு பச்சை எட்டிப் பார்க்கும். பிடித்தும் காய் கோணலாக, உள்ளே பொக்காக வந்தால் மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்திருக்கலாம். ஒரு நாள் சுண்டிவிட்டு விடாமல் அடுத்த நாளும் அதே பூவைச் சுண்டுவது இதற்காகத்தான்.

பக்கத்தில் கத்தரி இருந்தால் அதையும் இரண்டு சுண்டு சுண்டிவிட்டு வாருங்கள், அதற்கும் இதே கதைதான்.

பிஞ்சு நின்றதிலிருந்து பழுக்க ஏறக்குறைய ஒன்றரை மாதம். அடிப்பக்கம் லேசாகச் சிவப்புத் தட்டியதுமே பறித்து அடுப்பங்கரையில் வைத்துவிடுங்கள், உள்ளேயே பழுத்துவிடும். செடியில் முழுசாகப் பழுக்கட்டும் என்று நான் விட்டுவைத்த பழங்களை அணில்தான் சாப்பிட்டது.