கோ கேர் முதலில், பெங் மீலியா திரும்பும் வழியில்

கம்போடியாவின் சியெம் ரீப் நகரிலிருந்து கோ கேர், பெங் மீலியா என்ற இந்த இரண்டு பழைய கெமர் கோயில்களுக்கும் ஒரே நாளில் போவதாக இருந்தால், வழிகாட்டியிடம் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். காலை 6 மணிக்கே கிளம்பி, சுமார் 120 கி.மீ. தள்ளியுள்ள கோ கேரை முதலில் முடித்துவிடுங்கள். வழியிலேயே இருப்பதால் பெரும்பாலான வண்டிகள் பெங் மீலியாவில்தான் முதலில் நிற்கும். அப்படிப் போனால் கோ கேர் போய்ச் சேரும்போது உச்சிவெயில் ஆகிவிடும். அங்குள்ள பிரசாத் தோம் ஏழு அடுக்குப் பிரமிடு, ஏறத்தாழ 36 மீட்டர் உயரம். அதில் ஏறுவதற்குப் பக்கத்தில் உள்ள மரப்படிகளில் நிழலே கிடையாது. பெங் மீலியாவோ மரங்கள் அடர்ந்த இடிபாடு, அதனால் மதியத்திலும் சுற்றிப் பார்க்கலாம்.

அங்கோர் கோயில்களுக்கான நுழைவுச் சீட்டான அங்கோர் பாஸ் கோ கேரில் செல்லாது. தனிச் சீட்டு வாங்க வேண்டும், டாலர் நோட்டு கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிதான். ஆனாலும் ஒதுங்குவதற்குக்கூடப் பாதையை விட்டு விலகாதீர்கள்.

மே முதல் அக்டோபர் வரை இந்த யோசனை எடுபடாது. பிற்பகல் மழையில் பெங் மீலியாவின் பாசி படிந்த கற்கள் வழுக்கும், அதைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. பலர் சேர்ந்து போகும் வேனிலும் வரிசையை மாற்ற மாட்டார்கள். தனி வண்டி என்றால்தான் கேட்கலாம்.