நெருப்பு அடி ஏன் தப்பியது?

அல்சூர் வீட்டில் அண்ணன் மகனோடு பழைய கேம்கியூபில் (நின்டெண்டோவின் வீடியோ கேம் பெட்டி) மாரியோ சூப்பர்ஸ்டார் பேஸ்பால் ஆடுவேன், 2005இல் வந்த கேம். மாரியோவின் நெருப்பு அடி எனக்கு உயிர். சிறப்பு அடிகளுக்கென அணி சேர்த்துவைக்கும் நட்சத்திரம் ஒன்று செலவாகும்தான், ஆனால் எரியும் பந்தைத் தொட்ட ஃபீல்டர் திணறி நிற்பார், அதற்குள் ஓடிவிடலாம்.

புது எல்இடி டிவி வந்தபின் ஒன்றும் மாட்டவில்லை. மட்டை சுழலும்போது பந்து கேட்சர் கையுறைக்குள்! "கண்ட்ரோலர் போச்சு சித்தப்பா" என்றான். வேறொன்றைச் செருகியும் அதே கதை.

பந்தை விட்டுவிட்டு, பட்டனை அழுத்தி மாரியோவின் கையையே பார்த்தேன். ஒரு கண்ணிமைப்பு கழித்துத்தான் அசைந்தது. படத்தை மெருகேற்றுவதில் டிவி எடுக்கும் தாமதம் அது. பிக்சர் செட்டிங்கில், அந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடு வைத்தேன். மூன்றாவது பந்திலேயே நெருப்பு பறந்தது.