மலைத்தோட்டப் பயிற்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று கொடைக்கானல் மேல்மலைத் தோட்டங்களுக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களில் வேளாண் கல்லூரியின் கிராமத் தங்கல் திட்டத்தில் வரும் மாணவர்கள் உண்டு. படிப்புக்கும் வேலைக்கும் நடுவில், 'நான் எதற்குச் சரிப்பட்டு வருவேன்' என்று தெரிந்துகொள்ள வருகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு கேள்வியோடு மண்ணில் கை வைக்க வருவது நல்ல விஷயம். பதில் கிடைக்காமல் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், மாதம். ஏப்ரல், மே விடுமுறையில் இரண்டு வாரம் தங்கினால் மலை யாருக்கும் பிடிக்கும். உங்களைப் பற்றி அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. மலைப்பூண்டு ஊன்றி எடுக்கச் சுமார் நான்கு மாதம் ஆகும், கேரட்டுக்கும் மூன்று மாதம் வேண்டும். முழுப் பருவமும் இருக்க முடியாதவர்கள் ஒரு மாதமாவது, அதுவும் சுகமில்லாத மாதமாகப் பார்த்து வாருங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் போட்ட துணி காயாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அப்போதும் காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போகத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது தவறுதான் பெரியது: படம் எடுக்கத் தோதான வேலைகளை மட்டும் கேட்டு வாங்குவது. அறுவடைக்கு எல்லோரும் வருவார்கள். களை எடுக்கத்தான் ஆள் இருக்காது. குனிந்தபடியே பாத்தி பாத்தியாகப் போகிற அந்த வேலையில் ஒரு மணி நேரத்தில் முதுகு வலிக்கும், அப்புறம் சலிப்பு வரும். பூண்டு இளசாக இருக்கும்போது தாளும் புல்லும் புதியவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். பக்கத்துப் பாத்தியிலிருந்து ஓர் அக்கா, "தம்பி, அது புல்லு இல்ல, பூண்டு" என்பார். அந்த இடத்தில் உங்களுக்குள் என்ன நடக்கிறது? கோபம் வருகிறதா, வெட்கமா, இல்லை 'எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க' என்று கேட்கத் தோன்றுகிறதா? இதைக் கவனித்தாலே போதும், நீங்கள் தேடி வந்ததில் பாதி கிடைத்துவிடும். பட்டம் இருப்பதால் தோட்ட உரிமையாளரிடம் மட்டும் பேசிவிட்டு, கூலிக்கு வரும் பெண்களிடம் பேசாமலே போகிறவர்கள் தோட்டத்தையும் கற்பதில்லை, தங்களையும் கற்பதில்லை.

சேற்றுக் காலோடு ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு நடப்பது இன்னொரு தவறு. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. பழனி மலையிலும் அது இருக்கிறது. அதன் முட்டைக்கூடுகள் பயிர் இல்லாவிட்டாலும் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், பூட்ஸிலும் மண்வெட்டியிலும் ஒட்டிய மண்ணோடு இடம் மாறும். வரப்பிலேயே பூட்ஸைக் கழுவிவிட்டு வாருங்கள். யாரும் பார்க்காதபோதும் கழுவுகிறீர்களா என்பது உங்களைப் பற்றிய செய்தி.

சந்தைப் பக்கம் போகாமல் இருப்பதும் தவறு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் விலையும் நிலையாக இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள், பூண்டு மூட்டையோடு பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்கு ஒரு தடவை இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். தரம் பிரிப்பது, எடை போடுவது, பேரம், லாரி வாடகை, பாக்கி எல்லாம் அங்கே தெரியும். மண்வேலையில் தடுமாறிய ஒருவர் கணக்கு எழுதுவதிலோ வியாபாரியிடம் பேசுவதிலோ துடிப்பாக இருக்கலாம். அதுவும் விவசாயம்தான். 'எனக்கு விவசாயம் சரிவராது' என்று அவர் முடிவு கட்டினால் அது அவசரம்.

நாட்குறிப்பு எழுதுங்கள், ஆனால் 'மனம் அமைதியானது' என்று எழுதாதீர்கள். அன்று என்ன வேலை, யாரோடு, எத்தனை பாத்தி, எந்த வேலைக்குக் கூப்பிட்டபோது போன் பேசுவதுபோல் நழுவினீர்கள், எதைச் செய்யும்போது சாப்பாட்டு நேரம் மறந்தது என்று எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் படித்தால் ஒரே வேலை திரும்பத் திரும்ப வந்து நிற்கும், பிடித்ததாகவோ நழுவியதாகவோ.

கடைசியாக ஒன்று. ஊர் திரும்பிய வாரமே வேலையை விடுவதும், நிலத்தைக் குத்தகைக்குப் பேசுவதும் வேண்டாம். தங்கிய தோட்டத்திலேயே அடுத்த பருவத்துக்கும் வரலாமா என்று கேளுங்கள். காட்டெருமை புகுந்து பாத்தியை மிதித்துவிட்டுப் போன மறுநாளோ, விலை விழுந்த வாரத்திலோ அங்கே இருக்க நேர்ந்தால், அதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.