வீட்டில் தயாரித்த ப்ளூடூத் ஸ்பீக்கரில் பேஸை மேம்படுத்தும் செய்முறை

ப்ளூடூத் போர்டு, சிறிய ஆம்ப்ளிஃபையர், ஓரிரு ஸ்பீக்கர்கள், லித்தியம் பேட்டரி ஆகியவற்றை ஒரு பெட்டிக்குள் பொருத்திப் பாட்டு ஒலிக்கத் தொடங்கியதும், பெரும்பாலானோர் முதலில் உணரும் குறை ஒன்று உண்டு: குரல் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் பெரிய டிரம்மும் பேஸ் கிட்டாரும் வெறும் தட்டல் ஓசையாகத் தேய்ந்துவிடுகின்றன. உடனே, வெவ்வேறு அதிர்வெண் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தேடிப் போவது வழக்கம். உண்மையில் அது கடைசியாகத் தொட வேண்டிய பொருள். பேஸை, அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலியை, தீர்மானிப்பவை பெட்டியும் அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றும்தான் என்பதால், கீழ்க்காணும் படிகளை அதே வரிசையில் செய்வது நல்லது.

ஒரு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி, சாலிடரிங் அயர்ன், ஹாட் க்ளூ, மெல்லிய ஃபோம் பட்டை, கைப்பேசியில் ஒரு டோன் ஜெனரேட்டர் (விரும்பிய அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும்) செயலி ஆகியவை போதும். பெட்டியைத் திறந்தவுடன் லித்தியம் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, அதன் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். அவை தவறுதலாக ஒன்றோடொன்று தொட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

படி 1: பிளஸ், மைனஸ் சரிபார்த்தல்

ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிரித்து, அதன் பிளஸ் முனையில் பென்சில் பேட்டரியின் பிளஸையும் மைனஸில் மைனஸையும் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் முன்புறம் அதிரும் கூம்பு வெளிப்பக்கம் நகர வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். பேஸ் பெரும்பகுதி அங்கேயே அழிந்துபோகும். இணைப்பை மாற்றினால் போதும், செலவு எதுவும் இல்லை.

படி 2: காற்றுக் கசிவை அடைத்தல்

கூம்பு முன்னால் காற்றை அழுத்தும் அதே நேரத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. ஆகவே முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அவை சந்திக்க வழி கிடைத்தால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வுகள்) ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர் என்பதால், கையடக்கப் பெட்டியைச் சுற்றிவருவது அதற்குப் பெரிய தூரமே அல்ல. உயர்ந்த ஒலிகள் இதனால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. கசியும் பெட்டியில் குரல் நன்றாகவே கேட்டாலும் பேஸ் மட்டும் காணாமல் போவதற்கு இதுவே காரணம்.

பெட்டியை மூடிவிட்டு, கூம்பை விரல் நுனிகளால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். காற்றுப் புகாத பெட்டியில் விரலுக்கு ஒரு மெத்தென்ற எதிர்ப்பு தெரியும். விட்டதும் கூம்பு சற்றே தயங்கித் திரும்பும். சட்டென்று துள்ளித் திரும்பினால் எங்கோ கசிகிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க, 50 ஹெர்ட்ஸ் டோனை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, ஈரமான விரலை மூட்டுகளின் ஓரமாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் காற்று விரலில் படபடவென்று மோதுவதை உணரலாம்.

பலகைகளின் மூட்டுகளைப் பலரும் கவனமாக அடைத்துவிடுகிறார்கள். தவறிப்போவது சார்ஜிங் சாக்கெட், சுவிட்ச், ஆக்ஸ் ஜாக், எல்இடி துளை ஆகியவையே. ஜாக்கின் உட்பக்கத்தைச் சுற்றி மட்டுமன்றி, ஜாக்கின் நடுத்துளை வழியாகவும் காற்று போகும் என்பதால், அதன் பின்புறத்தையும் க்ளூவால் மூட வேண்டும். ஸ்பீக்கர் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே ஃபோம் பட்டையை வளையமாக ஒட்டித் திருகுகளை எதிரெதிராக இறுக்குங்கள். சிலிக்கோன் பயன்படுத்துவோர் காடி நெடி அடிக்கும் வகையைத் தவிர்க்கவும். அதிலிருந்து வெளியேறும் அமிலம் செம்புத் தடங்களை அரிக்கும்.

படி 3: பெட்டியின் கொள்ளளவும் காற்றின் வழியும்

உட்புற நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். அதிலிருந்து பேட்டரி, போர்டு, ஸ்பீக்கர் காந்தம் ஆகியவை அடைக்கும் இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். பெட்டி சிறிதாகச் சிறிதாக உள்ளிருக்கும் காற்று விறைப்பான ஸ்பிரிங்காகி, ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண்ணை மேலே தள்ளுகிறது. 2 அங்குல ஸ்பீக்கர்களில் அந்த அதிர்வெண் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கு மேலேயே இருப்பதால், முழுவதும் மூடிய சிறு பெட்டியில் ஆழமான பேஸை எதிர்பார்க்க முடியாது. ஸ்பீக்கரை மாற்றும் எண்ணம் இருந்தால், ரப்பர் விளிம்புள்ள 3 அங்குல வகையைத் தேர்ந்தெடுங்கள். கூம்பின் பரப்பு இரு மடங்குக்கும் மேலாகும்.

மூடிய பெட்டியைத் தாண்டிப் போக இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, போர்ட் எனப்படும் குழாய். காலி பாட்டிலின் வாயில் ஊதும்போது எழும் ஒலியைப் போல, குழாயிலுள்ள காற்றும் பெட்டியிலுள்ள காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிர்கின்றன. குழாயின் உள்விட்டத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 23,562.5 ஆல் பெருக்குங்கள். வந்ததை, வேண்டிய அதிர்வெண்ணின் வர்க்கத்தையும் லிட்டர் கொள்ளளவையும் பெருக்கிய தொகையால் வகுங்கள். விடையிலிருந்து விட்டத்தின் 0.732 மடங்கைக் கழித்தால் குழாயின் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 2 லிட்டர் பெட்டியில் 2.5 செ.மீ. குழாயை 80 ஹெர்ட்ஸுக்கு அமைக்க ஏறத்தாழ 9.7 செ.மீ. நீளம் வேண்டும். அதையே 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் நீளம் 18.6 செ.மீ. ஆகிவிடும், அத்தனை நீளக் குழாய்க்கு அந்தப் பெட்டியில் இடம் இருக்காது. குழாயை ஒல்லியாக்கினால் நீளம் குறையும், ஆனால் காற்று புஸ்ஸென்று இரையும்.

இந்தச் சிக்கலால்தான் கையடக்க ஸ்பீக்கர்களில் பாசிவ் ரேடியேட்டர் அதிகம் காணப்படுகிறது. காந்தமோ கம்பிச்சுருளோ இல்லாத இந்தத் தகடு, பெட்டிக்குள் ஏற்படும் அழுத்தத்தால் மட்டுமே அசைகிறது. அதன் பரப்பு ஸ்பீக்கர் கூம்பைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும். நடுவில் சிறு வாஷர்களை ஒட்டி எடையைக் கூட்டினால் அதிர்வெண் கீழே இறங்கும். எடை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தகடு ஆடும். எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்றாக இரண்டு பொருத்தினால், இரண்டின் உதறலும் ஒன்றையொன்று ஈடுகட்டிப் பெட்டி மேசையில் நகராமல் நிற்கும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, டோனை 150 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் ரேடியேட்டர் பலமாக அசையும், ஸ்பீக்கர் கூம்போ ஏறக்குறைய அசைவற்று நிற்கும். அதுவே உங்கள் பெட்டி அமைந்திருக்கும் அதிர்வெண். அந்த எண்ணைக் குறித்துவையுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 4: பலகையின் உறுதி

மெல்லிய பிளாஸ்டிக் சுவர்கள் தாமே அதிர்ந்து ஆற்றலை வீணாக்கும். 9 முதல் 12 மி.மீ. வரை தடிமனுள்ள எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது ப்ளைவுட் ஏற்றது. உள்ளே தொங்கும் ஒயர்களைக் கட்டிவிடுங்கள். மூடிய பெட்டியாக இருந்தால் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக இடுவது சிறிதளவு உதவும். ரேடியேட்டர் உள்ள பெட்டியில் அதன் பின்னால் இட வேண்டாம்.

படி 5: மின்சாரம்

பேஸுக்குத்தான் அதிக ஆற்றல் தேவை. சிறிய டி வகை (கிளாஸ் டி) ஆம்ப்ளிஃபையர்களில் கிடைக்கக்கூடிய வாட்டைக் கணக்கிட, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஸ்பீக்கரின் ஓம் அளவின் இரு மடங்கால் வகுத்தால் போதும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 5 வோல்ட்டில் சுமார் 3 வாட்டும், 7.4 வோல்ட்டில் சுமார் 7 வாட்டும், 12 வோல்ட்டில் 18 வாட்டும் வரும். பிஏஎம்8403 சிப் உள்ள சிறிய ஆம்ப்ளிஃபையர் போர்டு 5 வோல்ட்டுக்கானது. அதற்கு இரண்டு செல்களைத் தொடராக இணைத்துக் கொடுத்தால் சிப் எரிந்துபோகும். 4.5 முதல் 26 வோல்ட் வரை தாங்கும் டிபிஏ3118 போன்ற சிப் உள்ள போர்டுக்கு மாறி, இரண்டு 18650 வகை லித்தியம் செல்களைத் தொடராக, அதற்கேற்ற பாதுகாப்பு போர்டுடன் இணைப்பது நல்ல தீர்வு. ஸ்பீக்கர் அந்த வாட்டைத் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரம் அடி விழும் கணத்தில் ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் நுழையும் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். எண் பளிச்சென்று இறங்கினால் ஒயர் மெல்லியது, அல்லது பேட்டரி பலமற்றது. தடித்த ஒயரை இட்டு, 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை முனைகளுக்கு அருகிலேயே சாலிடர் செய்யுங்கள். கெப்பாசிட்டர் நொடிநேரத் தேவையை மட்டுமே ஈடுசெய்யும். பலமற்ற பேட்டரிக்கு அது மாற்றாகாது.

படி 6: ஈக்வலைசர்

ஈக்வலைசரைத் தொடுமுன் பெட்டியைச் சுவரோரமாகத் தரையில் வைத்து ஒருமுறை கேளுங்கள். அறையின் பரப்புகள் பேஸைத் திருப்பி அனுப்புவதால் வித்தியாசம் உடனே தெரியும். அதற்குப் பிறகும் போதாது என்றால் மட்டும் 3 டெசிபல் கூட்டுங்கள். அதற்கே இரு மடங்கு வாட் செலவாகும், 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. பேஸ் பூஸ்ட் பொத்தானை அழுத்தியதும் ஒலி கரகரப்பதன் ரகசியம் இதுவே.

பத்துப் பட்டைகள் (அதிர்வெண் பிரிவுகள்) உள்ள ஈக்வலைசரில், படி 3இல் குறித்துவைத்த அதிர்வெண்ணுக்குச் சற்று மேலுள்ள பட்டையை மட்டும் உயர்த்துங்கள். 80 ஹெர்ட்ஸ் என்றால் அது 125. 31 ஹெர்ட்ஸ் பட்டையை முழுவதும் இறக்கிவிடுங்கள். ரேடியேட்டரோ குழாயோ உள்ள பெட்டியில், அமைந்த அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கும் காற்றழுத்தம் இல்லாமல் போவதால், கூம்பு ஒலியே தராமல் வீணாக ஆடி அடிவாங்கும். முழுச் சத்தத்தில் டக் டக்கென்ற ஓசை கேட்டால், 62 ஹெர்ட்ஸ் பட்டையையும் சிறிது இறக்குங்கள்.