லெபனானில் உடல்நலமும் மதமும்: புதிதாக வருபவர்களுக்கு

லெபனானில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தால் உறவினர் பட்டாளமே வந்து நிற்கும். முன்பணம் கட்டுவது, மருத்துவரிடம் பேசுவது, இரத்தம் கொடுக்க ஆள் தேடுவது என எல்லாவற்றையும் குடும்பத்தார் பார்த்துக்கொள்வார்கள். தனியாக வந்து இறங்கும் நமக்கு அந்தப் பட்டாளம் இல்லை. ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்குக் காப்புறுதி எடுப்பது முதலாளியின் கடமை. வந்த வாரமே கேளுங்கள். அந்தப் பத்திரத்தையும் கடவுச்சீட்டையும் தங்கும் அனுமதியையும் படம் எடுத்து, ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். இந்தக் காப்புறுதி பெரும்பாலும் விபத்துக்கும், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும்தான் உதவும். பல்வலிக்கும், தினமும் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் கையிலிருந்துதான் போகும். 1946ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டுப் பணியாளர்களைத் தன் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. இது பெரிய அநீதி. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை நீங்கள் அறிந்திருப்பது அதனாலேயே இன்னும் முக்கியமாகிறது.

மருத்துவமனைகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. 2019இல் தொடங்கிய நெருக்கடியில் லெபனான் பவுண்ட் தன் மதிப்பில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இழந்தது. இப்போது பல இடங்களில் டாலரில்தான் கட்டணம். காய்ச்சல், இருமல் போன்றவற்றுக்கு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகாதீர்கள். சுகாதார அமைச்சின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குறைந்த செலவில் மருத்துவரைப் பார்க்கலாம். 'முஸ்தவ்சஃப்' எங்கே என்று கேட்டால் அக்கம்பக்கத்தார் வழி காட்டுவார்கள். அவசரமென்றால் 140. அது செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் எண்; தொண்டர்கள் ஓட்டுகிறார்கள், கட்டணம் இல்லை. முதலாளியால் பிரச்சினை என்றால் தூதரகத்தையும், புலம்பெயர் தொழிலாளருக்கு உதவும் கரித்தாஸ் லெபனான் என்னும் தொண்டு அமைப்பையும் நாடலாம்.

முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றால் இன்னொன்று. கடுமையான நோய் என்று சோதனையில் தெரிந்தால், பல குடும்பங்கள் அதை நோயாளியிடமிருந்து மறைத்துவைக்கும். இந்த வழக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் நீங்களாக வாய் திறக்காதீர்கள். பழி உங்கள்மேல் விழும். முஸ்லிம் முதியவர் ரமழானில் நோன்பு பிடிக்க அடம்பிடித்தால், நோயாளிக்கு மார்க்கம் விலக்கு அளிக்கிறது என்பது வீட்டாருக்கும் தெரியும். மாத்திரை நேரத்தை நீங்களே மாற்றாமல், மகனையோ மகளையோ மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அரசு அங்கீகரித்த மதப் பிரிவுகள் 18. மரோனைட், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஆகிய கிறிஸ்தவப் பிரிவுகள், சுன்னி, ஷியா ஆகிய முஸ்லிம் பிரிவுகள், துரூஸ் என்று நீளும். திருமணம், மணமுறிவு போன்றவற்றை அந்தந்தப் பிரிவின் சட்டமே தீர்மானிக்கிறது; மதச் சடங்கில்லாப் பதிவுத் திருமணத்துக்காகச் சைப்ரஸுக்குப் பறப்பவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து ஆண்டு உள்நாட்டுப் போரை நேரில் கண்டவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. ஆகவே 'நீங்கள் எந்த மதம்?' என்று யாரிடமும் கேட்காதீர்கள், அரசியல் கட்சிகளைப் பற்றியும் பேசாதீர்கள். துரூஸ் மக்கள் தம் மார்க்கத்தின் உள்விஷயங்களை வெளியாரிடம் சொல்வதில்லை. மறுபிறவியில் அவர்களுக்கு உறுதியான நம்பிக்கை இருப்பதை அறிந்து நம்மவர்கள் வியப்பதுண்டு.

மடு மாதாவிடமும் வேளாங்கண்ணியிலும் வேண்டிப் பழகியவர்களுக்கு ஜூனியே விரிகுடாவுக்கு மேலே உள்ள ஹரீஸா மாதா கோயில் ஆறுதல் தரும். அங்கே முஸ்லிம்களும் வருவார்கள். நோய் தீர வேண்டுவோர் அன்னாயா என்னும் ஊரில் மரோனைட் துறவியான புனித ஷர்பெலின் கல்லறைக்குப் போகிறார்கள்; மாதந்தோறும் 22ஆம் தேதி அங்கே பவனி உண்டு.

நோயாளியைப் பார்க்கப் போனால் 'சலாம்தக்' (நலம் பெறுங்கள்) என்று சொல்லுங்கள், பெண்ணானால் 'சலாம்திக்'. குழந்தை பிறந்த வீட்டில் மெக்லி கொடுப்பார்கள்: அரிசி மாவில் பட்டையும் சோம்பு வகைகளும் சேர்த்துக் கிண்டி, மேலே பாதாம், வால்நட் போன்ற பருப்புகள் தூவிய இனிப்பு. மணத்தில் நம் பிள்ளைப்பேற்றுச் சரக்குக்குத் தூரத்துச் சொந்தம். மறுக்காமல் சாப்பிடுங்கள். குழந்தையைப் புகழ்ந்தால் கூடவே 'மாஷா அல்லாஹ்' சொல்லுங்கள். கண்ணேறுக்கு இவர்களும் அஞ்சுவார்கள்.