லேப் கம்ப்யூட்டர்களை ராத்திரியில் தூங்க வைப்பது எப்படி?

கல்லூரி லேப்பில் ராத்திரி முழுக்க மெஷின்கள் ஓடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: "அப்டேட் போகணும் சார், ஆஃப் பண்ணாதீங்க." 60 மெஷின், மானிட்டரோடு தலா 50 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 5 முதல் காலை 9 வரை 48 யூனிட். ஏசி கணக்கு தனி. தூங்க வைத்துவிட்டு, அப்டேட் நேரத்துக்கு மட்டும் எழுப்பினால் போதுமே.

முதலில் ஸ்லீப். குரூப் பாலிசியில் (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் போடும் விண்டோஸ் வசதி), யாரும் தொடாவிட்டால் மானிட்டர் அணைய 5 நிமிடம், மெஷின் தூங்க 20 நிமிடம் என்று வையுங்கள். விடிய விடிய சிமுலேஷன் ஓட்டும் ஆராய்ச்சி மாணவர்களின் மெஷின்களை இந்தப் பாலிசியில் சேர்க்காதீர்கள்; சேர்த்தால் காலையில் பஞ்சாயத்துதான். ஸ்க்ரீன்சேவரைத் தூக்கிவிடுங்கள், அதனால் மின்சாரம் மிச்சமாகாது.

அடுத்து பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் மெஷினின் அடிப்படை செட்டிங் பக்கம்) வேக்-ஆன்-லேனை ஆன் செய்யுங்கள். தூங்கும் மெஷினை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதி அது.

என்னைப் படாத பாடு படுத்தியது இதற்கு அடுத்த இடம்தான். மெஷின் தூங்கும், கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்துகொள்ளும். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டைத் திறந்து 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கம் போங்கள். மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் இரண்டை மட்டும் டிக் செய்தால், நெட்வொர்க்கில் சும்மா உலவும் சில பாக்கெட்டுகளே (சிறு தகவல் துண்டுகள்) மெஷினை எழுப்பிவிடும். மூன்றாவதையும் டிக் செய்யுங்கள். மேஜிக் பாக்கெட், அதாவது எழுப்புவதற்கென்றே அனுப்பும் பாக்கெட், வந்தால் மட்டும் எழு என்பது அதுதான். முதல் கட்டத்தை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் மங்கிப்போகும், கவனம்.

தூங்கும் மெஷினின் பின்னால் லேன் போர்ட் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் பாக்கெட் அனுப்பியே பயனில்லை.

மேஜிக் பாக்கெட் அனுப்புவதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்காதீர்கள். லேப்புக்கு ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் குட்டி கம்ப்யூட்டர்), அதில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை, அவ்வளவுதான். சர்வரிலிருந்தே அனுப்பலாமே என்றால், சர்வர் பெரும்பாலும் வேறு விலேனில் (நெட்வொர்க்கின் தனியாகப் பிரித்த பகுதி) இருக்கும்; மேஜிக் பாக்கெட் போவது பிராட்காஸ்டாக, அதாவது அந்தப் பகுதியில் உள்ள எல்லா மெஷினுக்கும் பொதுவாக; அதை ரவுட்டர் வழக்கமாகத் தாண்ட விடாது.

பின்சேர்க்கை: "ஷட் டவுன் செய்த மெஷின் எழவில்லை" என்று கமென்ட்டில் சிலர் கேட்டிருந்தீர்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை (மெஷின் சீக்கிரம் ஆன் ஆவதற்கான வசதி) ஆஃப் செய்யுங்கள். பயாஸில் 'டீப் ஸ்லீப்' அல்லது 'ஈஆர்பி' என்று மின்சிக்கன செட்டிங் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். அது நெட்வொர்க் கார்டுக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்திவிடும். பயாஸ் பேட்டரி செத்துப்போன பழைய மெஷினில், மின்தடைக்குப் பிறகு இந்த பயாஸ் செட்டிங்குகள் பழையபடி மாறிவிடலாம். முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.