கோயில் குளத்தைச் சீரமைக்கிறோம் என்று கெடுத்துவிடாதீர்கள்

பழைய குளத்துக்கு நிதி வந்ததும் முதலில் எதற்குச் செலவாகிறது? கம்பிவேலி, நடைபாதை, வண்ண விளக்கு. தண்ணீர் எந்த வழியாக வரும் என்று கேட்பவர் குறைவு. இருக்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான்.

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டியது. வைகைத் தண்ணீர் வரவேண்டிய இடம். வரத்து நின்றுபோனதும் கல் படியும் நடு மண்டபமும் அப்படியே இருக்க, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்த பிறகுதான் குளம் குளமானது. அதனால் மதிப்பீடு போடும் முன் ஒரு மழை நாளில் வரத்துக் கால்வாயை முழுக்க நடந்து பாருங்கள். பழைய வருவாய்த்துறை வரைபடத்தில் கால்வாய் இருக்கும், நேரில் போனால் அங்கே கடை நிற்கும். அடைப்பை எடுத்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். வழியில் சாக்கடை கலந்தால் அதை முதலில் பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மீன் செத்து மிதக்கும்.

அடுத்தது தூர்வாருவது. பொக்லைனை இறக்கி ஆழமாகத் தோண்டினால் நிறையத் தண்ணீர் நிற்கும் என்று தோன்றும். பல குளங்களில் வண்டலுக்குக் கீழே இருக்கும் களிமண் படுகைதான் தண்ணீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்துவிட்டால், அடியில் மணல் உள்ள இடத்தில், நிரப்பிய தண்ணீர் சில வாரத்தில் இறங்கிவிடும். அங்கங்கே சிறு குழி போட்டு, ஈர மண்ணைக் கையில் திரித்துப் பாருங்கள். உதிராமல் கயிறு போல நீண்டால் களிமண், அங்கே நிறுத்த வேண்டும். எதிர்ப்பக்கமும் ஒரு கூத்து உண்டு: தரை முழுக்கக் கான்கிரீட் போடுவது. தண்ணீர் நிற்கும், சரி. சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊறுவது நின்றுபோகுமே!

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரின் இடுக்குகளில் சிமென்ட் பூசுவது இன்னொரு வழக்கம். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் சுவருக்குப் பின்னால் உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடிந்து உதிரும். மழையில் மண் ஊறி அழுத்தும்போது சுவரே உள்பக்கம் சரியலாம். நீர் கசியும் துளைகளை அடைக்கவே கூடாது.

இடுக்கில் முளைத்த அரசங்கன்றை மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர் தடித்துவிட்டால் இழுக்காதீர்கள், கல்லும் கூடவே வரும். படம் எடுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுக் கழற்றி, வேரை எடுத்து, அதே வரிசையில் மறுபடி அடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை, ஒப்பந்தக்காரருக்குப் பிடிக்காது.

திறப்பு விழாவோடு கணக்கை முடிப்பதும் தவறுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, 10ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்திலேயே, ஏரியைப் பராமரிக்கும் குழுவான ஏரி வாரியத்தை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இப்போது நமக்கு வாரியம் வேண்டாம், ஆண்டுக்கு ஒரு சிறு தொகை போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கால்வாய்க் குப்பையை அள்ள, முளைத்த கன்றுகளைப் பிடுங்க, தளர்ந்த படியைச் சரிசெய்ய.